ஒரு பிடி மணலின் பின்னால் ஐந்து நாள்

முதல் நாள்: திருமலை

பந்தயம் தொடங்கியது புத்தூரில், ஒரு வளைகாப்பு வீட்டுப் பந்தியில். பக்கத்து இலையில் இருந்த மச்சான் (மனைவியின் தம்பி, பிறந்து வளர்ந்தது எல்லாம் ஆந்திரப் பக்கத்துப் புத்தூர்) "ஆத்து மணல் மலையிலேர்ந்து வர்றதுதானே மாமா" என்று சும்மா சொன்னான். எனக்குப் பொறுக்கவில்லை. நான் திருவள்ளூர்ப் பக்கம் இருபத்திரண்டு வருஷமாகக் கட்டட வேலை மேற்பார்வை பார்க்கிறவன். ஆற்று மணலைச் சலிக்கும்போது சல்லடையில் கிளிஞ்சல் தங்குவதைப் பார்த்துப் பார்த்து, அது ஒரு காலத்தில் கடல் விட்டுப்போன மணல் என்றே நம்பிக்கொண்டிருக்கிறேன். "கடல் மணல்டா அது" என்றேன். பாயசம் வருவதற்குள் பேச்சு முற்றிவிட்டது. மலையில் தொடங்கி ஆரணியாற்றோடு இறங்கிப் பழவேற்காடு வரை போய்ப் பார்ப்பது, தோற்றவன் அங்கே மீன் சாப்பாடு வாங்கித் தருவது என்று முடிவாயிற்று. கார்த்திகை மாதம், மழை பெய்து ஓய்ந்த நேரம். என்னிடம் ஒரு பூதக்கண்ணாடி, காலி ஊறுகாய் பாட்டில் ஒன்று. அவனிடம் பைக்.

இன்று பைக்கை அடிவாரத்தில் விட்டுவிட்டு பஸ்ஸில் மலையேறினோம். ஒரு விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். திருமலையில் விழும் மழை ஆரணியாற்றுக்கு வராது. அது சுவர்ணமுகியில் சேர்ந்து தனியாகக் கடலுக்குப் போகிறது. ஆனால் திருமலையில் இருப்பதும் ஆரணியாற்றுப் பக்கத்து நகரி மலையில் இருப்பதும் ஒரே சாதிப் பாறை. அந்தப் பாறையைக் கிட்டப் பார்க்கச் சாலை போட்ட இடம் திருமலைதான்.

தரிசனம் முடிந்து சிலாதோரணத்துக்குப் போனோம். கோயிலிலிருந்து ஒரு கிலோமீட்டர் வடக்கே, சக்கர தீர்த்தத்துக்குப் பக்கத்தில். எட்டு மீட்டர் அகலம், மூன்று மீட்டர் உயரத்துக்கு ஒரு கல் வளைவு. சிமென்ட்டும் இல்லை, சாரமும் இல்லை. அங்கிருந்த ஒருவர், உலகத்திலேயே இந்த மாதிரி மூன்றுதான் இருக்கிறது என்று சொல்லிக்கொண்டிருந்தார். அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் ஒரே பூங்காவுக்குள் இரண்டாயிரத்துக்கு மேல் கல் வளைவுகள் உண்டு. நான் வாயைத் திறக்கவில்லை. சாமி இடத்தில் எதற்கு வம்பு? எண்ணிக்கை குறைவாக இருந்தால்தான் மதிப்பா என்ன? கடினமான அடுக்கு மேலே, கொஞ்சம் தளர்ந்த அடுக்கு கீழே. விரிசல்களில் மழைத்தண்ணீர் புகுந்து புகுந்து கீழடுக்கைத் தின்றுவிட்டது, மேலடுக்கு பாலமாக நின்றுவிட்டது. கதவு, ஜன்னலுக்கு மேலே நாங்கள் லிண்டல் போடுவோமே, அது மாதிரி. என்ன, நாங்கள் முதலில் லிண்டலை ஊற்றுவோம். இங்கே கடைசியில் மிஞ்சியது லிண்டல்.

கம்பிவேலிக்கு வெளியே, வழியோரம் கிடந்த உடைந்த கல்லில் பூதக்கண்ணாடியை வைத்தேன். சர்க்கரைக் கட்டி மாதிரி மணி மணியாக இருந்தது. ஒவ்வொரு மணியும் படிகக்கல் துணுக்கு, இடைவெளியே இல்லாமல் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடக்கிறது. குவார்ட்சைட் என்பது இதுதான். மணல் அடுக்கடுக்காகப் படிந்து, மேலே சேர்ந்த பாரத்தில் இறுகிக் கல்லானது. இந்த மலைகளில் சில பலகைக் கற்களின் மேல் அலைவரி இருக்கும், தண்ணீர் வடிந்த பிறகு கரையோர மணலில் தெரியுமே, அதே வரி. மச்சானிடம் சொன்னேன்: "பாத்தியா, இது கரை மணல்." அவன் மலையைக் கையால் தட்டி, "ஆனா மாமா, இது மலை" என்றான். பந்தயம் முதல் நாளே இழுபறி.

இறங்கும்போது ஜன்னலோரம் பிடித்தேன். இறங்குவது 1944-ல் திறந்த பழைய மலைப்பாதை, ஏறுவது 1974-ல் போட்டது. நான் தேடியது சாலைக்காக வெட்டிய சரிவில் தெரியும் ஒரு கோடு. கோட்டுக்கு மேலே அடுக்கடுக்கான குவார்ட்சைட். கீழே அடுக்கே இல்லாத கிரானைட் வகைப் பாறை, நடுநடுவே கறுப்பாகச் செங்குத்து டைக்குகள் (விரிசலில் உருகிய பாறை புகுந்து சுவர் மாதிரி உறைந்தவை). மேலே இருப்பதற்கு 160 கோடி வயது, கீழே இருப்பதற்கு 210 கோடிக்கும் மேல் என்பது பொதுவாகச் சொல்லும் கணக்கு. இடையில் 50 கோடி வருஷத்துக்கு அங்கே எந்தப் பதிவும் கிடையாது. இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை இந்த இடத்தைத் தேசியப் புவியியல் நினைவுச் சின்னமாக அறிவித்திருக்கிறது. 1788-ல் ஸ்காட்லாந்தின் சிக்கார் முனையில் இப்படி ஒரு சந்திப்பைப் பார்த்துத்தான், பூமியின் வயதுக்குச் சில ஆயிரம் வருஷம் போதாது என்ற தன் வாதத்துக்குப் புவியியல்காரர் ஜேம்ஸ் ஹட்டன் கண்கண்ட சாட்சி சேர்த்தார்.

என் தொழில் கண்ணுக்கு அது கோல்டு ஜாயின்ட். நேற்று ஊற்றிய கான்கிரீட் இறுகிய பிறகு இன்று மேலே ஊற்றினால் ஒரு கோடு விழும், எந்த இன்ஜினியரும் கண்டுபிடித்துவிடுவார். இங்கே அந்த இடைவேளைக்குள் நடந்ததை நினைத்தால்தான் தலை சுற்றுகிறது. கிரானைட் தரைமட்டத்தில் உருவாவதில்லை. கிலோமீட்டர் கணக்கான ஆழத்தில் உருகி மெல்ல உறைவது அது. அதன் முதுகில் கடற்கரை மணல் படிய வேண்டுமானால், மேலே இருந்த அத்தனை பாறையும் முதலில் கரைந்து போயிருக்க வேண்டும். அதாவது அந்த மெல்லிய கோட்டில் ஒரு முழு மலைத்தொடர் காணாமல் போயிருக்கிறது. அதைச் சுரண்டிப் போனது வேறு யாருமில்லை. மழை, வெயில், ஆறு.

பஸ் வளைவில் திரும்பி எல்லாம் மறைந்தது. முழுசாகப் பத்து விநாடி பார்த்திருப்பேன்.

இரண்டாம் நாள்: புத்தூர், நகரி, கைலாசகோனை

திருப்பதி ஊருக்குள்ளிருந்து திரும்பிப் பார்த்தாலே மலையின் அமைப்பு தெரிகிறது. மேல்பாதி சுவர் வைத்தது போலச் செங்குத்து, கீழ்பாதி பாவாடை விரித்தது போலச் சரிவு. மேலே குவார்ட்சைட், எளிதில் மசியாது. கீழே கிரானைட், அதில் உள்ள ஃபெல்ட்ஸ்பார் என்ற கனிமம் மழைத்தண்ணீர் பட்டுப் பட்டுக் களிமண்ணாக மாறிவிடும். வானத்திலிருந்து இறங்கும்போதே மழைத்துளி கொஞ்சம் கரியமில வாயுவைக் கரைத்துக்கொண்டு மெல்லிய அமிலமாகத்தான் வருகிறது. களிமண் கரைந்து ஓட, கரையாத படிகக்கல் மணி மட்டும் மிஞ்சும். மணல் என்று நாம் காசு கொடுத்து வாங்குவது, தோற்றுப் போனவை எல்லாம் போன பிறகு மிஞ்சிய அந்த முரட்டுப் பிள்ளையைத்தான்.

புத்தூர் என்றால் தமிழ்நாட்டில் எல்லோருக்கும் நினைவு வருவது எலும்பு முறிவுக்குப் போடும் புத்தூர்க் கட்டு. எங்கள் ஊரில் சாரத்திலிருந்து விழுந்த கொத்தனார் இரண்டு பேரை நானே அங்கே அழைத்துப் போயிருக்கிறேன். பச்சிலையும் மூங்கில் சிம்பும் வைத்துக் கட்டிய கையோடு ஆட்கள் நடமாடும் தெருவைத் தாண்டி, உடைந்த மலையைப் பார்க்கப் போனோம்.

நகரி மலையின் ஒரு முனை மூக்கு மாதிரி வானத்தில் நீட்டிக்கொண்டிருக்கிறது. நகரி மூக்கு என்றே அந்தக் காலக் கப்பல்காரர்கள் அதைச் சொல்வார்களாம். மதராஸ் கரை கண்ணில் படுமுன்பே இது தெரியுமாம். மலையடியில் சாலையோர டீக்கடை. மச்சான் திடீரென்று "சூடு மாமா, சூடு" என்றான். டீ கொதிக்கிறது என்கிறான் போல என்று கிளாஸைச் சட்டென்று கீழே வைத்தேன். தெலுங்கில் 'பார்' என்று சொல்லியிருக்கிறான். வீட்டில் தமிழ், வெளியில் தெலுங்கு, அவசரத்தில் எது முதலில் வருகிறதோ அது. அவன் காட்டியது மேலே செங்குத்துப் பாறையில் வெள்ளையாகத் தெரிந்த ஒரு புது வடு. மற்ற இடமெல்லாம் வெயிலிலும் மழையிலும் கறுத்துப் பழுப்பேறிக் கிடக்க, அந்த இடம் மட்டும் நேற்று உரித்தது போல இருந்தது. நேர்கீழே புதுக் கற்குவியல்.

குவார்ட்சைட் கரையாது. ஆனால் உடையும். அதன் பலவீனம் அடுக்குகளும் குறுக்கே ஓடும் விரிசல்களும். விரிசலில் தண்ணீர் இறங்கும், பின்னாலேயே வேர் இறங்கும். வெயிலில் விரிந்து இரவில் சுருங்கும். கடைசியில் ஒரு பெருமழையில் ஊறிய கல் பிடி நழுவிவிடும். 2021 நவம்பரில் திருப்பதியை மூழ்கடித்த மழை ஓய்ந்து, டிசம்பர் தொடக்கத்தில் திருமலையின் ஏறும் பாதையில் பெரிய பாறைகள் உருண்டு வந்து சாலையையே பெயர்த்தது பலருக்கும் ஞாபகம் இருக்கும். சாலையைப் பொறுத்தவரை அது விபத்து. மலை மழைக்காலம்தோறும் அதைத்தான் செய்துகொண்டிருக்கிறது.

மதியம் கைலாசகோனை. 'கோனை' என்றால் இங்கே மலை மடிப்பு, பள்ளத்தாக்கு. நாராயணவனம் தாண்டிக் காட்டுக்குள் திரும்ப வேண்டும். கோடையிலும் வற்றாத அருவி என்பார்கள். கார்த்திகையில் கேட்க வேண்டுமா, முதுகில் அடி விழுகிற மாதிரி கொட்டியது. கோடையில் மழை இல்லாமல் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று மச்சானுக்குச் சந்தேகம். மொட்டைமாடியில் தேங்கிய தண்ணீர், மழை விட்டு ஒரு வாரம் கழித்தும் சீலிங்கில் சொட்டுவதை எத்தனை வீட்டில் பார்த்திருக்கிறேன். அதே கதைதான். மேலே உள்ள பாறை முழுக்க விரிசல். மழையைக் குடித்து வைத்துக்கொண்டு மாதக்கணக்கில் கசியவிடுகிறது. வீட்டில் இது புகார், மலையில் இது தீர்த்தம்.

அருவி விழும் மடுவில் கை விட்டு அடியிலிருந்து ஒரு பிடி அள்ளினேன். பரபரவென்று கூர்மையாக இருந்தது, புதிதாக உடைத்த ஜல்லித்தூள் மாதிரி. ஒரு மணி எடுத்துக் கண்ணாடியில் பார்த்தால் எல்லாப் பக்கமும் முனை. பூச்சு வேலைக்கு ஆகாது, கான்கிரீட்டுக்கு ராஜா மணல். பாட்டிலில் கொஞ்சம் போட்டு மூடினேன்.

மூன்றாம் நாள்: எங்கேயும் போகவில்லை

விடியற்காலையிலிருந்து மழை. பைக்கை எடுக்க வழியில்லை. மச்சான் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, தெருவில் ஓடும் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பொழுதுபோகாதவன் வேலை என்று அக்கா (மச்சானின் மாமியார், எனக்கு என்ன முறை என்று இன்னும் தெளிவாகவில்லை, அக்கா என்று கூப்பிடுகிறேன்) சிரித்தார்.

எதிர்மனையில் வீடு கட்டக் கொட்டியிருந்த கிராவல் மேட்டிலிருந்து செம்மண் தண்ணீர் இறங்கியது. மேட்டில் விரல் விரலாக ஓடைகள், கீழே வரும்போது ஒன்றாகச் சேர்ந்து ஒரே வாய்க்கால். சரிவு குறைந்த இடத்தில் வேகம் செத்தது. உடனே பொடிக்கல்லைப் போட்டது. அடுத்த முழத்தில் பெருமணல். அதற்கப்புறம் பொடிமணல். தெருமுனைக் குட்டையில் வெறும் சேறு. யாரும் சல்லடை பிடிக்கவில்லை. தண்ணீர் தன் வேகத்தை வைத்தே சலித்துவிட்டது. கொஞ்ச நேரத்தில் போட்ட மணலே வழியை அடைக்க, வாய்க்கால் இடது பக்கம் உடைத்துக்கொண்டு போனது. அரை மணிக்கு ஒருமுறை இப்படி இடம் மாறி மாறிக் கடைசியில் விசிறி மாதிரி ஒரு மணல் திட்டு. கிருஷ்ணா, கோதாவரிக் கழிமுகங்கள் இதே வேலையைத்தான் மைல் கணக்கில் செய்திருக்கின்றன.

மாலையில் பேச்சு தமிழ்நாடு, ஆந்திரா எல்லையைப் பற்றித் திரும்பியது. 1960 ஏப்ரல் 1-ல்தான் இந்தக் கோடு இப்போதுள்ள இடத்துக்கு வந்தது. எல்லைத் தகராறைத் தீர்க்க வந்த படாஸ்கரின் பரிந்துரைப்படி திருத்தணி அந்தப் பக்கம், தமிழ்நாட்டுக்குப் போனது, செங்கல்பட்டு மாவட்டத்திலிருந்த சத்தியவேடு வட்டாரம் இந்தப் பக்கம் வந்தது. அக்காவின் அப்பா, நிலம் எங்கேயும் நகராமலே ராஜ்யம் மாறியவர்.

நிலம் நகராமலே என்று எழுதிவிட்டேன். அதுவும் சரியில்லை. இந்தியத் தட்டு மொத்தமும் வருஷத்துக்கு ஐந்து சென்டிமீட்டர் போல வடகிழக்கே போய்க்கொண்டிருக்கிறது. 1960-க்குப் பிறகு மூன்று மீட்டருக்கு மேல், திருத்தணி, சத்தியவேடு இரண்டையும் சேர்த்துத் தூக்கிக்கொண்டு.

நான்காம் நாள்: பிச்சாட்டூர், சுருட்டப்பள்ளி, சத்தியவேடு

நேற்றைய மழைக்கு ஆரணியாறு செம்மண் நிறத்தில் புரண்டது. பிச்சாட்டூர் அணைக்கரையில் நின்று பாட்டில் சோதனையை மச்சானுக்குச் செய்து காட்டினேன். சைட்டுக்கு மணல் வந்ததும் நாங்கள் செய்வது. பாட்டிலில் பாதி மணல், மேலே தண்ணீர், நன்றாகக் குலுக்கி வைத்துவிட வேண்டும். மணல் உடனே அடியில் உட்காரும். மேலே வண்டல் மெதுவாக இறங்கி ஒரு தனி அடுக்காகும். அந்த அடுக்கு தடிமனாக இருந்தால் லாரியைத் திருப்பி அனுப்பிவிடலாம்.

"இந்த டேமும் அதே பாட்டில்தான்" என்றேன். ஓடி வரும் ஆறு தேக்கத்துக்குள் நுழைந்ததும் நின்றுவிடுகிறது. கொண்டுவந்த பெருமணலை வாசலிலேயே இறக்கிவைத்துவிடும். மதகைத் தாண்டிப் போவது பெரும்பாலும் கலங்கல் மட்டுமே. உலகத்தில் எந்த அணையும் இதற்கு விலக்கில்லை. கீழே ஆற்றுக்கும் அதற்கும் கீழே கடற்கரைக்கும் வரவேண்டிய மணலில் ஒரு பங்கு இங்கேயே சிறைப்பட்டுவிடுகிறது. அணை சிறை வைத்தது போக மிச்சத்தை யார் அள்ளினார்கள் என்று மச்சான் என்னைப் பார்த்தான். நான் எத்தனை யூனிட் ஆற்று மணல் இறக்கியிருப்பேன் என்று மனசுக்குள் கணக்குப் போட்டு, பாதியில் நிறுத்திக்கொண்டேன். இப்போது எல்லாம் எம்-சாண்ட்தான். அதுவும் ஒரு மலையை உடைத்து வருவதுதானே.

நாகலாபுரம் தாண்டிச் சுருட்டப்பள்ளி. சிவன் படுத்த கோலத்தில் இருக்கும் கோயில், ஆற்றங்கரையிலேயே. ஆலகால விஷம் குடித்த அசதியில் சாய்ந்திருக்கிறார் என்பது ஐதீகம். கோயிலுக்குப் பின்னால் கரையில் ஒரு பிடி அள்ளினேன். கைலாசகோனை மணலில் இருந்த முனைகள் இங்கே அவ்வளவாகக் குறையவில்லை. ஆற்றில் உருண்டால் மணல் மழுங்கிவிடும் என்று எல்லோரும் சொல்வோம். கூழாங்கல் அளவுக்கு அது உண்மை. மணல் மணி எடை குறைவு, தண்ணீரில் மிதந்தும் தத்தியும் போவதால் மோதலுக்கு வலுவில்லை, மழுங்க வெகுகாலம் பிடிக்கும். கூடவே ஒரு கிளிஞ்சலும் கிடைத்தது. என் கட்சிக்குச் சாட்சி என்று எடுத்துப் பார்த்தால், ஆற்று மட்டி. நன்னீரில் வாழ்வது. இருபத்திரண்டு வருஷமாக நான் சல்லடையிலிருந்து பொறுக்கியவற்றில் பாதியாவது இதுவாகத்தான் இருந்திருக்கும். மச்சானிடம் காட்டாமல் தூக்கிப்போடலாம் என்று ஒரு நொடி தோன்றியது. காட்டினேன். மீன் சாப்பாட்டில் வஞ்சிரம் உண்டா என்று கேட்டான்.

ஆனால் இந்தப் பயணத்திலேயே எனக்கு மிகவும் பிடித்த இடம் அடுத்து வந்தது, அழகே இல்லாத ஒரு செம்மண் வெட்டு. சத்தியவேட்டுக்குப் போகும் வழியில் பைக் பஞ்சர். தள்ளிக்கொண்டு போகும்போது, சாலையோர மேட்டை வெட்டிய இடத்தில் துருப்பிடித்த சிவப்பு மண்ணுக்குள் உருண்டைக் கற்கள் பதிந்து கிடந்தன. முட்டை அளவு, தேங்காய் அளவு, வழவழவென்று. பக்கத்தில் சொல்லிக்கொள்ளும்படி ஆறே கிடையாது. ஒரு கல்லை உடைத்துப் பார்த்தேன். அதே குவார்ட்சைட், அதே சர்க்கரைக் கட்டி.

யோசித்துப் பாருங்கள். இது டைனோசர் காலத்துப் படிவு. சத்தியவேடு பெயராலேயே புவியியல்காரர்கள் இந்த அடுக்கைச் சொல்கிறார்கள். ஏறக்குறைய 13 கோடி வருஷத்துக்கு முன் இந்தியாவும் அண்டார்டிகாவும் பிரிந்து நம் கிழக்குக்கரை உருவாகத் தொடங்கியது. அந்தக் காலத்தை ஒட்டி, மேற்கே இருந்த மலைகளிலிருந்து இறங்கிய ஏதோ ஆறுகள் இந்தக் கற்களை உருட்டி மழுக்கிக் கொண்டுவந்து போட்டிருக்கின்றன. அந்த ஆறுகளுக்கு இப்போது பெயர்கூட இல்லை. அவை போட்ட கல் இறுகி மேடாகி, அந்த மேடு இப்போது மறுபடி கரைந்து, நேற்றைய மழையில் சில கற்கள் சாலைக்கு உருண்டு வந்திருக்கின்றன. அதில் ஒன்று எங்கள் டயரைக் கிழித்திருக்கிறது.

மணல், கல், மலை, கூழாங்கல், மறுபடி கல், மறுபடி கூழாங்கல். நடுவில் மனிதனும் புகுந்திருக்கிறான். இங்கிருந்து தெற்கே, கொசஸ்தலையாற்றுக்குப் பக்கத்தில் அத்திரம்பாக்கம் இருக்கிறது. 1863-ல் புவியியல்காரர்கள் ராபர்ட் புரூஸ் ஃபூட்டும் வில்லியம் கிங்கும் கற்கால ஆயுதங்களைக் கண்டெடுத்த இடம். 2011-ல் வெளியான ஆய்வு அங்குள்ள கைக்கோடரிகளுக்கு 15 லட்சம் வருஷ வயது சொல்லியது. அவற்றைச் செதுக்கிய கல்லும் குவார்ட்சைட்தான். உடைத்தால் கூரான விளிம்பு வரும் கல் எது என்று அவர்களுக்கு நன்றாகவே தெரிந்திருக்கிறது. டயரைக் கேட்டால் தெரியும்.

பஞ்சர் கடைக்காரர் எங்கள் பேச்சைக் கேட்டுவிட்டு, "அந்தக் கல்லா? கிரைண்டருக்குக் குழவி மாதிரி இருக்கும், எடுத்துட்டுப் போங்க" என்றார். தமிழில்தான். ஊர்ப் பலகை தெலுங்கில்.

ஐந்தாம் நாள்: பழவேற்காடு

ஊத்துக்கோட்டையில் தமிழ்நாட்டுக்குள் நுழைந்தோம். ஜீரோ பாயின்ட்டில் (கால்வாய் தமிழ்நாட்டுக்குள் நுழையும் இடம்) கண்டலேறு கால்வாய் வழியாகக் கிருஷ்ணா தண்ணீர் ஓடியது. 1996 முதல் வருகிறது. ஆறு போகாத வழியில் ஆற்றைப் போகவைத்திருக்கிறார்கள், நில அமைப்பை மாற்றும் சக்திகளில் பொக்லைனையும் சேர்த்துக்கொள்ள வேண்டியதுதான். பெரியபாளையம், பொன்னேரி, ஆரணியாறு கூடவே வந்தது. மலையும் மேடும் முடிந்து, நிலம் தட்டிப் போட்ட தோசை மாதிரி ஆகிவிட்டது. ஆற்றுக்கு இங்கே அவசரம் இல்லை.

பழவேற்காட்டில் டச்சுக்காரர்கள் 1613-ல் கோட்டை கட்டினார்கள். கல்லறைகள் இன்னும் நன்றாக இருக்கின்றன, மண்டை ஓடு செதுக்கிய தூண்களோடு. அவற்றைப் பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள், நான் கடந்துபோகிறேன்.

பழவேற்காடு ஏரி, ஒடிசாவின் சில்கா ஏரிக்கு அடுத்து இந்தியாவிலேயே பெரிய உவர்நீர் ஏரி. வடக்குத் தெற்காக அறுபது கிலோமீட்டர், பெரும்பகுதி ஆந்திராவில். நீளத்துக்குத் தகுந்த ஆழம் இல்லை. பல இடங்களில் இடுப்பளவு தண்ணீரில் ஆட்கள் நின்று வலை இழுக்கிறார்கள். கடலுக்கும் ஏரிக்கும் நடுவே ஸ்ரீஹரிகோட்டா ஒரு நீண்ட மணல் அணை. ராக்கெட் விடுகிற அந்தத் தீவு, கடல் கொண்டுவந்து கட்டிய மணல் வரப்புகளால் ஆனது. இருபதாயிரம் வருஷத்துக்கு முன் பனியுகம் உச்சத்தில் இருந்தபோது கடல் மட்டம் இப்போதைவிட நூற்றிருபது மீட்டர் போலக் கீழே கிடந்தது. கரை எங்கோ தூரத்தில். பனி உருகக் கடல் ஏறி வந்து, ஆறாயிரம் ஏழாயிரம் வருஷத்துக்கு முன்தான் இந்த இடத்துக்குப் பக்கத்தில் நின்றது. நின்ற பிறகு மணலைச் சேர்த்து வரப்புக் கட்டத் தொடங்கியது. கைலாசகோனைக் கல்லின் வயதோடு பார்த்தால் இந்த ஏரி இன்று காலை தோண்டியது.

பாலத்தைத் தாண்டிக் கலங்கரைவிளக்கம் பக்கம் போய், கரையோடு வடக்கே முகத்துவாரத்துக்கு நடந்தோம். மழை வெள்ளம் ஏரியிலிருந்து கடலுக்குள் தள்ள, கடல் அலை எதிரே தள்ள, நடுவில் தண்ணீர் கொதிப்பது போலக் குழம்பியது. ஏரித் தண்ணீர் பழுப்பு, கடல் பச்சை, இடையில் கிழித்த மாதிரி ஒரு கோடு. வலை உலர்த்திக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் எங்களைப் பார்த்து, "கோடு பாக்க வந்தீங்களா?" என்றார். அந்தக் கோட்டில்தான் மீன் திரியுமாம்.

"வாய் எப்பவும் இங்கதானா அண்ணே?"

"எப்பவும் இங்கயா? நான் பொடியனா இருக்கச்சே அங்க" என்று வெகுதூரம் தள்ளிக் கையைக் காட்டினார். "அப்புறம் இப்பிடி வந்துச்சு, திரும்ப அடைச்சுது. தெண்டி ஓடுனா மணல் இந்தப் பக்கம் வரும். வன்னி ஓடுனா அந்தப் பக்கம் போவும்."

தெற்கிலிருந்து வடக்கே ஓடும் நீரோட்டம் தெண்டி, வடக்கிலிருந்து தெற்கே வருவது வன்னி. புத்தகம் சொல்வதும் இதையேதான். தென்மேற்குப் பருவ மாதங்களில் அலை கரையைச் சாய்வாக வந்து அடிக்கிறது. சாய்வாக ஏறிய மணல் நேராக இறங்குகிறது, மறுபடி சாய்வாக ஏறுகிறது. இப்படியே ரம்பப்பல் போட்டு வடக்கே நகர்ந்துவிடும். வடகிழக்குப் பருவத்தில் கொஞ்சம் திரும்பி வரும். வருஷக் கடைசியில் கணக்குப் பார்த்தால் நம் கரையில் போனது வடக்கேதான் அதிகம். மதராஸ் துறைமுகச் சுவர் இந்த ஊர்வலத்தை மறித்ததால் தெற்கே சேர்ந்து அகன்றதுதான் மெரினா மணல்வெளி. மறித்த சுவருக்கு வடக்கே ராயபுரம் பக்கம் மணல் கிடைக்காமல் கடல் ஊரைத் தின்றது. அங்கே இப்போது கரைக்குப் பதில் கருங்கல் குவியல். மலைப்பக்கத்துக் கல்லை லாரியில் கொண்டுவந்து கடலில் போடுகிறோம். ஆறு இலவசமாகச் செய்துகொண்டிருந்த வேலை.

மழைக்காலத்தில் ஏரி வெள்ளம் வாயைத் திறந்து வைத்திருக்கிறது. தை, மாசி தாண்டி வெள்ளம் அடங்கியதும் கடலின் ஏற்றமும் வற்றமும் மட்டும்தான் காவல். இந்தக் கரையில் அது சுமார் ஒரு மீட்டர்தான், பலம் போதாது. மணல் நாக்கு இரு பக்கமிருந்தும் நீண்டு வந்து வாயைச் சுருக்கும். அடைத்துவிட்டால் கடலிலிருந்து இறால் குஞ்சும் மீன் குஞ்சும் உள்ளே வராது, ஏரி வெயிலில் சுண்டி உப்பேறும், படகு வெளியே போக முடியாது. அப்போதெல்லாம் குப்பத்து ஆட்கள் சேர்ந்து மண்வெட்டியோடு இறங்கி வெட்டியிருக்கிறார்கள். "வெட்டி முடிச்சு வூட்டுக்குப் போயி சோறு துண்றதுக்குள்ள பாதி மூடிக்கும்" என்றார் பெரியவர். கோபமாகச் சொல்லவில்லை, மாமியாரைப் பற்றிச் சொல்வது போலச் சொன்னார்.

குனிந்து ஒரு பிடி அள்ளினேன். மாவு மாதிரிச் சலித்த மணல், எல்லா மணியும் ஏறக்குறைய ஒரே அளவு. நடுவில் கறுப்பாக இழை இழையாக ஓடியது இல்மனைட், கொஞ்சம் சிவப்பு கார்னெட். கனமான மணி என்பதால் அலை இழுத்துப் போகும்போது அவை மட்டும் பின்தங்கிவிடும். இதில் எத்தனை மணி நகரி மலையினுடையது, எத்தனை பாலாற்றினுடையது, எத்தனை இன்னும் தெற்கே இருந்து தெண்டியில் வந்தது? பிரித்துச் சொல்ல என் பூதக்கண்ணாடியால் ஆகாது. கைலாசகோனை மணலைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். அண்ணன் தம்பி ஜாடை இருந்தது, அவ்வளவுதான் சொல்லலாம். காலுக்கடியில், தண்ணீர் வடிந்த ஈரத்தில், வரிசையாக அலைவரி. நகரி, திருமலைப் பலகைக் கற்களில் ஏறிய அதே வரி.

"அப்ப யாரு மாமா ஜெயிச்சது?" என்றான் மச்சான்.

மலையிலிருந்துதான் வருகிறது. அந்த மலை கரை மணல். அந்தக் கரைக்கும் ஏதோ ஒரு மலையிலிருந்துதான் வந்திருக்கும், கோட்டுக்குள் காணாமல் போன அந்த மலைகளில் ஒன்றிலிருந்து. இதைச் சொல்லி முடிப்பதற்குள் அவனுக்குப் பசி வந்துவிட்டது.

கிளம்பும்போது பெரியவர் கூப்பிட்டார். "சித்திரைல வாங்க சார். வாய் மூடியிருந்தா இப்பிடியே நடந்து அந்தப் பக்கம் போவலாம். மூடலன்னா நீங்க நிக்கிற இடம் இருக்காது."

ஊருக்குள் வந்து சாப்பிட்டோம். வஞ்சிரம் இல்லை, மடவையும் இறாலும் இருந்தது. பில்லை ஆளுக்குப் பாதி போட்டோம். மச்சான் தனியாக ஒரு நண்டு வறுவல் சொன்னான், அதற்கு மட்டும் அவனே கொடுத்தான்.